சானடோரியத்தில் இறங்குகிறவர்கள்



சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறியவர்களுக்கெல்லாம் ‘தாம்பரம் சானடோரியம்’ தெரியும். ஒரு மருத்துவமனை ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்திருக்கிறது! காலை வண்டியில் கவனித்திருப்பீர்கள். எக்ஸ்ரே உறையை மார்போடு அணைத்து, துண்டால் வாயைப் பொத்தி, கதவோரமாகவே நின்று வந்து சிலர் அங்கே இறங்குவார்கள். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் எழுந்துவிடுவாரோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

1928-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது அந்தக் காசநோய் ஆஸ்பத்திரி. தொடங்கியவர் மருத்துவர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். நம் கணித மேதை ராமானுஜன் காசநோய் என்று கருதப்பட்டுச் சிகிச்சைக்குப் போன இடங்களில் அதுவும் ஒன்று. எலும்புருக்கி என்று சொல்லப்பட்ட காசநோய்க்கு அப்போது மருந்து ஏது? நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. இவைதான் வைத்தியம். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. மருந்து வந்துவிட்டது, சரி. இத்தனை ஏழைகளுக்குப் படுக்கைக்கு எங்கே போவது? அந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் நம் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு சாராருக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? நெருக்கடியான குடியிருப்பு, வயிறு நிறையாத சாப்பாடு. ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளிவந்தது. காசநோயாளியை ஊரைவிட்டு விலக்கி வைக்க வேண்டியதில்லை என்று நம் ஏழைகளின் குடிசைகளே நிரூபித்துக் காட்டின. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அப்படியானால் சானடோரியத்துக்கு வேலை இல்லாமல் போயிற்றா? இல்லை ஐயா. எய்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டாலே ஆஸ்பத்திரிகள்கூட ஆளைத் திருப்பி அனுப்பிய காலத்தில், 1993-ல், மருத்துவர் செ.நெ. தெய்வநாயகம் பொறுப்பிலிருந்தபோது, தாம்பரம் கதவைத் திறந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது காசநோய்தான். ஆகவே நெஞ்சக நோய் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இயல்பு. ஆந்திராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி நாட்டில் எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் சில அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மற்றவர்கள் ஒதுக்கியவர்களை அரவணைத்துக்கொண்ட இடம் அது.

இன்று பெரும்பாலான காசநோயாளிகள் தங்கள் வீட்டிலேயே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தவர்களுக்கும், உடல் மிகவும் மெலிந்தவர்களுக்கும் படுக்கை வேண்டும். 2022-ல் நம் மாநிலத்தில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், எடை எவ்வளவு, மூச்சு எப்படி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று முதலிலேயே பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே சேர்க்கிறார்கள்.

மாத்திரை அரசு கொடுக்கும். அதைச் சாப்பிட ஒரு வீடு வேண்டுமே! எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத் தொழிலாளி, மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் பார்த்தால் காலி பண்ணச் சொல்வாராம். ஒளித்துச் சாப்பிடுகிறவர் ஒரு நாள் விடுவார், இரண்டு நாள் விடுவார். நோய் மருந்தை மீறி வளர்வது அப்படித்தான்.

தாய்மார்களே, உங்கள் தெருவில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. நோய் என்று தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். நாளைக் காலை ரயிலில் எக்ஸ்ரே உறையோடு ஒருவர் நின்றால், கொஞ்சம் நகர்ந்து அவருக்கு உட்கார இடம் கொடுங்கள்.