அந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்

உங்கள் வீட்டுப் பரணில் அப்பா காலத்து யாஷிகாவோ பென்டாக்ஸோ இருந்தால், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோடு அதன் பக்கம் போகாதீர்கள். ஜப்பானில் செய்த அந்த பிலிம் கேமராக்களின் ஸ்க்ரூ, பார்வைக்கு ஸ்டார் போலத்தான் இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் செய்தது. நாம் வைத்திருக்கும் பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருகினால் வழுக்கி, தலை மழுங்கிவிடும். என் யாஷிகாவின் மேல்மூடியில் ஒரு ஸ்க்ரூவை அப்படித்தான் கெடுத்தேன். மூடி இன்றுவரை திறக்கவில்லை.

ஜே.ஐ.எஸ். முனையில் 000, 00, 0 மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். லென்ஸின் முன்வளையத்தைக் கழற்றக் கவராயத்தை எடுக்காதீர்கள், சறுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். வளையத்துக்குப் பொருந்தும் ரப்பர் குழாயை அழுத்திச் சுற்றுங்கள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே வாராந்திர மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். அது நம் வீடுகளில் இல்லாமலா போகும்!