மூலையில் கிடக்கும் கணினியும் அமானிதமே
(அறக்கட்டளையின் கல்வி உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இப்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. "வீட்டில் ஒன்று இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. புதிது வாங்கக் கடன் வாங்கலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கடன் பல வீடுகளில் வட்டியில் போய் முடிகிறது. வட்டியின் வாசலுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதுதான் ரேம் என்னும் நினைவகம்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலமாரி நிறையக் கிதாபுகள் இருக்கலாம். ஆனால் முன்னால் இருக்கும் பலகையில் விரித்து வைத்ததைத்தான் ஓத முடியும். பலகை சிறியது என்றால் ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் அந்த அலமாரி; ரேம் அந்தப் பலகை. பலகை போதாமல் கணினி எழுந்து எழுந்து அலமாரிக்கு நடப்பதைத்தான் நாம் "மெதுவாக ஓடுகிறது" என்கிறோம்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரி என்பதைப் பாருங்கள். 2 அல்லது 4 ஜிபி என்று இருந்து, அதுவும் முழுதாக நிரம்பியிருந்தால் ரேம்தான் குறை. 64 பிட் விண்டோஸ் 10-க்கு 2 ஜிபி என்பது குறைந்தபட்ச அளவு மட்டுமே. வகுப்பு வீடியோவும் உதவித்தொகைப் படிவமும் ஒன்றாகத் திறக்க 8 ஜிபி இருந்தால் நிம்மதி. மெமரி பாதிதான் நிரம்பியிருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் கோளாறு வேறு இடத்தில். அப்போது ரேமுக்குச் செலவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுவதே பயன் தரும்.

ரேமிலும் வகை உண்டு. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றுக்கு மின்னழுத்தம் முறையே 1.8, 1.5, 1.2 வோல்ட். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அதற்காகவே அடிப்பக்க வெட்டுகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். வலிந்து அழுத்தினால் மதர்போர்டு பாழாகும். மடிக்கணினியின் ரேம் நீளம் குறைந்தது. மேசைக் கணினிக்குப் பொருந்தாது. 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய இயந்திரங்களில் லினக்ஸ் போட்டுப் பிள்ளைகள் படிக்கலாம், அது இலவசம்.

ஆனால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் தங்கள் பெரிய கணினி மையங்களுக்கு நினைவகத்தை வாங்கிக் குவிப்பதே முக்கியக் காரணம். எங்கோ நடக்கும் போட்டியின் சுமை கந்தர்வக்கோட்டை மாணவியின் தலையிலும் விழுகிறது. அதே நேரம் நம் வீடுகளின் பரணில், கடைகளின் மூலையில், ஓடாத கணினிகள் நல்ல ரேமோடு தூசி படிந்து கிடக்கின்றன.

"கொடுக்கலாம், ஆனால் அதில் குடும்பப் படங்கள் இருக்கின்றனவே" என்று தாய்மார்கள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. படங்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். ரேமில் உள்ளது மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கை நீங்களே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ரேமை மட்டும் தாருங்கள். கழற்றத் தெரியாவிட்டால் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண்முன் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கை உங்கள் கையிலேயே கொடுப்பார்கள்.

வந்த ரேமை வகை பிரித்து, சோதித்து, தேவைப்படும் மாணவரின் கணினியில் இலவசமாகப் பொருத்துவோம். யார் தந்தது, யாருக்குப் போனது என்று பதிவேட்டில் எழுதுவோம். பெயரை வெளியில் சொல்ல மாட்டோம். எதையும் விற்க மாட்டோம். பயன்படாதவற்றை எரிக்கவோ குப்பையில் கொட்டவோ விடாமல், 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள், ஆடைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். பழுது பார்த்துப் பயன்படுத்துவது ஏழைக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. அது நம் சுன்னத். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு விரல் அகலப் பொருள், இன்னொரு வீட்டைக் கடனிலிருந்து காக்குமானால் அதுவும் ஸதகாதான்.

அடுத்த ஜும்ஆவுக்குள் வீட்டில் தேடிப் பாருங்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்து, நம் எல்லோரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக. ஆமீன்.