ஆங்கில வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்கள்

இந்தியச் சிற்றூர்களில் முதல் வகுப்பில் சேரும் குழந்தைகளுள் மிகப் பலருக்கு ஆங்கிலம் காதில் விழும் இடம் வகுப்பறை ஒன்றே. வீட்டிலும் தெருவிலும் அம்மொழிக்கு வேலையில்லை. ஆதலின், நாள்தோறும் கிடைக்கும் ஒரு பாடவேளை எவ்வாறு தொடங்குகிறது என்பது சிறு செய்தியன்று.

ஆசிரியர் நுழைந்ததும் குழந்தைகள் எழுந்து நின்று 'குட் மார்னிங்' என ஒரே குரலில் இழுத்துச் சொல்வது நாடெங்கும் காணப்படும் வழக்கம். பொருளுணர்வின்றி எழும் இவ்வொலி மொழிப்பயிற்சி ஆகாது. ஆசிரியர் ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லி, முகம் நோக்கி வாழ்த்தி, மறுமொழி பெறும்போதே அது உரையாடலாகிறது.

வாழ்த்துக்குப் பின் கிழமை. அடுத்து, வெளியே வெயிலா மழையா என்ற வினா. இறுதியாக 'எழுந்து நில்', 'கதவைத் தொடு' போன்ற மூன்று கட்டளைகள். இவை யாவும் ஆங்கிலத்திலேயே அமைதல் வேண்டும். கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டும் முறையை அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வளர்த்தார். பேசத் துணியாத குழந்தையும் தான் புரிந்துகொண்டதை இதனால் வெளிப்படுத்த இயலும். குழந்தை பொருளுள்ள மொழியை நிறையக் கேட்கும் சூழல் வேண்டும் என்பதே 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் கருத்துமாகும்.

வரிசை மாறலாகாது, அதனுள் நாளுக்கு ஒரு சொல் மட்டும் புதிதாக வரலாம். அடுத்து என்ன கேட்கப்படும் என்பதை அறிந்த குழந்தை அச்சம் நீங்கிப் புதுச்சொல்லில் கருத்தைச் செலுத்தும். தொடக்க நாட்களில் தாய்மொழியில் விளக்குவது குறையன்று. அதுவே குழந்தை ஊன்றி நிற்கும் தரை.

கல்வி உரிமைச் சட்டம், 2009, தொடக்க வகுப்புகளில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை வகுத்துள்ளது. நாளுக்கு அறுவர் தனித்துப் பேசினால், ஐந்து நாட்களில் முப்பதின்மரும் பேசிவிடுவர். இரு வகுப்புகள் ஒன்றாக அமரும் பள்ளிகளில் மூத்த மாணவரே வினாக்களைத் தொடுக்கலாம். இதற்குத் தனிக் கருவியோ செலவோ தேவையில்லை. ஆசிரியரிடம் ஆங்கிலப் புலமையினும் ஒழுங்கே மிகுதியாக வேண்டப்படுகிறது.

பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் எத்தனை பாடங்கள் முடிந்தன என்று கேட்பது இயல்பு. இவ்வாரம் எத்தனை குழந்தைகள் தனித்து வாய் திறந்தனர் என்றும் அவர் கேட்பாராயின், கடைசி வரிசைக் குழந்தையின் முறையும் தவறாது வரும்.