சத்தம் எதுவரை வருகிறது?

(குறுவள மையக் கூட்டமொன்றில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மடிக்கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம். படம் தெரிகிறது, இணையம் வருகிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது. சத்தம் மட்டும் வரவில்லை. அதை நாமே எப்படிச் சரிசெய்வது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் கணினி ஆசிரியர் அல்லன். நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துபவன். இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் ஒரே தகுதி, இதே சிக்கலில் நான் செய்த தவறு.

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் பார்வைக் குறைபாடுடைய மாணவி ஒருத்தி படித்தாள். பள்ளி மடிக்கணினியில் அவளுக்காக என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தோம். திரையில் உள்ள எழுத்தை அது குரலாகச் சொல்லும்; தமிழையும் வாசிக்கும். பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மென்பொருள் அது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் அவளே பாடத்தைப் படிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அந்தக் கணினியின் இயங்குதளத்தை மேம்படுத்தினேன். திங்கட்கிழமை காலை திரை பளிச்சென்று வந்தது; சத்தம் வரவில்லை. ஒலியளவைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு முறை அணைத்துப் போட்டேன். "கெட்டுப்போச்சும்மா, ஆள் வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒன்பது பள்ளி நாள்கள் அது பீரோவில் கிடந்தது. அந்த ஒன்பது நாளும் யாராவது வந்து படித்துக் காட்ட மாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். நமக்குச் சத்தம் போனால் வீடியோ ஒன்று போகும். அவளுக்குச் சத்தம் போனால் திரையே போய்விடும். இது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வேறு வேலையாக வந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். "எதுவரைக்கும் சார் சத்தம் வருது?" என்று கேட்டார். "வரவே இல்ல மேடம்" என்றேன். "அது சரி சார். எங்க வரைக்கும் வந்து நிக்குதுன்னு பார்த்தீங்களா?" என்றார். பத்து நிமிடத்தில் கணினி பேசியது.

நான் இன்று உங்களிடம் சொல்ல வந்தது அந்தக் கேள்வியைத்தான். 'கெட்டுவிட்டது' என்று சொன்னால் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. 'எதுவரை வருகிறது' என்று கேட்டால் வேலை தொடங்குகிறது.

கணினிக்குள் சத்தம் ஒரு வழியில் நடந்து வருகிறது. முதலில் வீடியோவை இயக்கும் செயலி. அடுத்து, எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் இயங்குதளம். அதற்கடுத்து டிரைவர் என்ற சிறிய மென்பொருள். அதன்பின் ஒலிச் சில்லு. கடைசியில் ஸ்பீக்கர் அல்லது இயர்போன். இயங்குதளத்தை மாற்றும்போது ஸ்பீக்கரை யாரும் தொடுவதில்லை. எனவே மேம்படுத்திய மறுநாளே சத்தம் நின்றால், பெரும்பாலும் நடுவில் உள்ள இரண்டு இடங்களில்தான் தடங்கல் இருக்கும். பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வருகிறார். அறைகளும் இருக்கின்றன, சாவிக்கொத்தும் இருக்கிறது. எந்தச் சாவி எந்த அறைக்கு என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அதுபோன்ற நிலைதான் இது.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எனவே 11க்கு மாறும் வேலை நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. அதை வைத்தே வரிசையாகச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் சோதியுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

முதலில் சாதாரண இயர்போன் ஒன்றைச் செருகிப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் டிரைவரும் ஒலிச் சில்லும் வேலை செய்கின்றன என்று பொருள். பாதிப் பாதையைச் சரிபார்த்துவிட்டோம். விசைப்பலகையில் ஒலியை நிறுத்தும் விசையில் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, சத்தம் வேறு எங்கோ போகிறதா என்று பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தின் மீது வலது சொடுக்கு செய்து 'சவுண்ட் செட்டிங்ஸ்' செல்லுங்கள். 'அவுட்புட்' பகுதியில் கருவிகளின் பட்டியல் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த புரொஜெக்டரோ தொலைக்காட்சியோ அங்கே தேர்வாகியிருக்கலாம். பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் பக்கத்து அறையில் இருந்தபடியே இணைந்திருக்கவும் கூடும். மடிக்கணினியின் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் 'வால்யூம் மிக்ஸர்' இருக்கிறது. ஒரே ஒரு செயலியில் மட்டும் சத்தம் வரவில்லை என்றால் அதன் அளவு அங்கே பூச்சியத்தில் இருக்கும். எல்லா அளவுகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் 'ரீசெட்' பொத்தானும் அங்கேயே உண்டு.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதைத் திறந்தால் 'பிளேபேக்' பட்டியல் வரும். ஒரு பாட்டை ஓடவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். கருவியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கினால், சத்தம் இயங்குதளம்வரை வந்துவிட்டது. தடங்கல் அதற்கு அப்பால்தான். கோடுகள் அசையவே இல்லையென்றால் தடங்கல் அதற்கு முன்னால். கண்ணால் பார்த்தே பாதையை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

நான்காவது டிரைவர். 'ஸ்டார்ட்' பொத்தானில் வலது சொடுக்கு செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கன்ட்ரோலர்ஸ்' என்ற வரியை விரியுங்கள். அங்கே மஞ்சள் முக்கோணக் குறி இருந்தால் டிரைவரில் கோளாறு என்று பொருள். அந்தக் கருவியின் 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கும். அழுத்த முடிந்தால் பழைய டிரைவர் திரும்பி வரும். மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழையது இல்லை. அப்போது 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் முதல் முறை குறியிட வேண்டாம். தொடங்கும்போது விண்டோஸ் கருவியைத் தானே கண்டுபிடித்து டிரைவரை மறுபடி அமைக்கும். எங்கள் கணினி பேசியது இந்த இடத்தில்தான்.

இதிலும் வரவில்லையென்றால் கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் ஒலி டிரைவரைத் தேடி நிறுவுங்கள். 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் சரிசெய்கிறோம்' என்று வரும் விளம்பரங்களின் பக்கம் போகாதீர்கள். சத்தத்தைத் தேடிப் போய் வைரஸை வாங்கி வரக் கூடாது.

எதுவுமே பலிக்கவில்லையா? மேம்படுத்திய 10 நாள்களுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பலாம். 'செட்டிங்ஸ்' உள்ளே 'சிஸ்டம்', அதில் 'ரெகவரி', அதில் 'கோ பேக்'. அதற்குப் பிறகு இந்த வழி அடைபட்டுவிடும். பழைய கோப்புகளை வட்டிலிருந்து நீக்கிவிட்டாலும் அப்படித்தான். நான் கணினியைப் பீரோவில் வைத்துப் பூட்டிய நாள்களில் இந்தக் கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. உபுண்டு 22.04இலிருந்து 24.04க்கு மாறினால் ஒலியைக் கவனிக்கும் மென்பொருளே மாறிவிடுகிறது. பல்ஸ்ஆடியோ இருந்த இடத்தில் பைப்வயர் வந்திருக்கிறது. ஆகவே முதலில் அமைப்புகளில் ஒலி வெளியீட்டுக் கருவியை மறுபடி தேர்ந்தெடுத்துப் பாருங்கள். விண்டோஸ்காரர்களுக்கும் உபுண்டு உதவும். பென் டிரைவிலிருந்து அதை நிறுவாமலேயே ஓடவிட்டுப் பார்க்கலாம். அங்கே சத்தம் வந்தால் உங்கள் ஸ்பீக்கர் நலமாக இருக்கிறது. பழுது பார்ப்பவரிடம் ஸ்பீக்கரை மாற்றச் சொல்லிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

சரிசெய்ய நாளாகும் என்றால் மாணவரைக் காக்க வைக்காதீர்கள். யுஎஸ்பி துளையில் செருகும் ஹெட்போன் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதற்குள் தனி ஒலிச் சில்லு இருப்பதால், கணினியின் ஒலிச் சில்லும் டிரைவரும் முரண்டு பிடித்தாலும் பெரும்பாலும் அது வேலை செய்துவிடும். பள்ளிக்கு ஒன்று வாங்கி வையுங்கள். அந்த ஒன்பது நாளில் என்னிடம் இது இருந்திருந்தால் அவள் முதல் நாளே படித்திருப்பாள்.

இனி, மேம்படுத்தும் முன் செய்ய வேண்டியவை. ஆய்வகக் கணினிகளுக்குப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும். அவற்றை நாமாகத் தொட வேண்டாம். கோப்புகளைப் படியெடுத்து வையுங்கள். நிர்வாகிக்கான கடவுச்சொல் கையில் இருக்கட்டும். ஒலி டிரைவரை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வையுங்கள். தேர்வுக்கோ வகுப்புக்கோ முந்தின இரவு இதைத் தொடவே வேண்டாம். விடுமுறையின் முதல் நாளில் செய்யுங்கள். முடிந்ததும் திரையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாமல் ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள், ஒரு வரி பேசிப் பதிவு செய்து பாருங்கள்.

இந்தப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருக்கிறது. அது நான் யோசித்துச் சேர்த்தது அல்ல. கணினியை மறுபடி அவள் மேசையில் வைத்தபோது, அவள் இயர்போனை மாட்டி இரண்டு பத்தி கேட்டாள். பிறகு ஒரு பக்கத்து இயர்போனை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "சார், அடுத்த தடவ இத மாத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் சொல்ல நேரமாயிற்று. அந்தக் கணினி பள்ளிக் கணக்கில் இருந்தாலும், அதை நம்பிப் படித்தவள் அவள். அவளிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் எந்தக் கணினியை மாற்றுவதென்றாலும், அதைப் பயன்படுத்தும் பிள்ளையிடம் முதலில் சொல்கிறோம். மாற்றி முடித்ததும் அந்தப் பிள்ளையையே சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம்.

இன்று மாலை பள்ளிக்குத் திரும்பியதும் பீரோவைத் திறந்து பாருங்கள். 'கெட்டுப்போனது' என்று எழுதி வைத்த மடிக்கணினி ஒன்று உள்ளே இருக்கலாம். வெளியே எடுத்துவைத்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: சத்தம் எதுவரை வருகிறது?