பால் மாவு டப்பாவின் கதை

(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளம்பரம் என்றால் சுவரில் ஒட்டுகிற காகிதம்தானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பச்சிளங் குழந்தைகளின் உயிர் இருக்கிறது!

பெரிய கம்பெனிகள் ஒரே சரக்கைப் பல நாடுகளில் விற்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு மக்களைப் போலவே பேசுகின்றன. மக்கள் யாரை நம்புகிறார்கள், எதற்கு ஆசைப்படுகிறார்கள் என்று ஆராய்ந்து, அதற்கேற்ப விளம்பரத்தை மாற்றுகின்றன. குழந்தைகளுக்கான பால் மாவை விற்ற கதையே இதற்குச் சாட்சி.

1960-களில் மேலை நாடுகளில் குழந்தைப் பிறப்பு குறைந்தது. கம்பெனிகள் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கம் மேலும் தீவிரமாகத் திரும்பின. எழுத்தறியாத தாய்க்கு வானொலியில் அவள் மொழியிலேயே சொன்னார்கள். நர்ஸ் சொன்னால் ஏழைகள் தட்டமாட்டார்கள் என்று கண்டு, கூலிக்கு அமர்த்திய பெண்களுக்கு வெள்ளைச் சீருடை மாட்டிப் பிரசவ வார்டுக்கே அனுப்பினார்கள். கொழுகொழு குழந்தைப் படம் போட்ட டப்பாவை இலவசமாகவும் கொடுத்தார்கள்.

இலவச டப்பா தீருவதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு கடைக்குத்தான் போக வேண்டும். அன்றாடக் கூலிக்காரி என்ன செய்வாள்? நான்கு நாள் மாவைப் பத்து நாளைக்கு நீட்டுவாள். குளத்துத் தண்ணீரில் கரைப்பாள். காய்ச்ச விறகு ஏது? புட்டியைக் கொதிக்கவைக்க நேரம் ஏது? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டுவிடும்; நாளுக்கு நாள் மெலிந்து மாண்டு போகும்.

நம் மொழி அவர்களுக்குத் தெரிந்தது. நம் ஆசை தெரிந்தது. நம் வறுமை மட்டும் தெரியவில்லையாம்!

1939-லேயே சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், இத்தகைய பிரசாரம் கொலைக்குச் சமம் என்று சிங்கப்பூரில் கண்டித்துப் பேசினார். 1974-ல் பிரிட்டனில் ‘வார் ஆன் வாண்ட்’ என்ற அமைப்பு இதை அம்பலப்படுத்திச் சிறு பிரசுரம் வெளியிட்டது. அதை ஸ்விட்சர்லாந்தில் கடுமையான தலைப்பிட்டு வெளியிட்டவர்கள் மீது நெஸ்லே கம்பெனி வழக்குத் தொடுத்தது. 1976-ல் நீதிமன்றம் தலைப்பு அவதூறு என்று சிறு அபராதம் விதித்தது. ஆனால் கம்பெனி தன் விளம்பர முறையைத் திருத்த வேண்டும் என்றும் சொன்னது. 1977-ல் அமெரிக்க மக்கள் அந்தக் கம்பெனியின் சரக்குகளைப் பகிஷ்கரிக்கத் தொடங்கினர். 1981-ல் உலக சுகாதார சபையில் இந்த விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஓட்டளித்த ஒரே நாடு அமெரிக்கா!

நம் நாட்டிலும் 1992-ல் சட்டம் வந்தது. குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டப்பாவில் தாய், குழந்தை படம் கூடாது என்று அது தடுத்தது.

ஆனால் தோழர்களே, வேலை செய்யுமிடத்தில் பாலூட்ட வழியில்லை என்றால் தாய் டப்பாவைத் தேடத்தானே செய்வாள்? குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இருமுறை பாலூட்ட இடைவேளை என்று 1961-ம் ஆண்டுப் பிரசவச் சலுகைச் சட்டம் எழுதியது. நாற்று நடும் பெண்ணுக்கு அது எட்டவேயில்லை. மில்லில் தொட்டில் அறையும், வயலில் பாலூட்ட நேரமும் கேட்டு வாங்குவோம். அடுத்த முறை ஒரு விளம்பரம் நம் வீட்டு மனிதரைப் போலப் பேசினால், பேசுவது யார், லாபம் யாருக்கு என்று கேளுங்கள்!