உயர்மின் கம்பிகளும் நமது சுகமும்



உயர் அழுத்த மின்கம்பிகளின் அருகே குடியிருந்தால் பிள்ளைகளுக்கு நோய் வருமோ என்ற அச்சம் நம்மவர் பலரிடம் உண்டு. அதனை அலட்சியஞ் செய்வதும் தகாது; ஆராயாது நம்புவதும் தகாது.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் வேர்தைமர், லீப்பர் என்னும் இருவர் செய்த ஆய்வே இவ்வச்சத்துக்கு வித்திட்டது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றை 2000இல் ஒருங்குசேர்த்து நோக்கியபோது, சராசரி 0.4 மைக்ரோதெஸ்லாவும் அதற்கு மேலும் காந்தப்புலமுள்ள வீடுகளில் சிறுவர்க்கு இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது. ஆயினும் அத்தகைய வீடுகள் மிகச் சிலவே. காரணகாரியத் தொடர்பும் நிறுவப்படவில்லை. ஆகவேதான் 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 'விளைவிக்கும்' என்னாது, 'விளைவித்தலுங் கூடும்' என்ற வகுப்பில் இதனை வைத்தது.

நாம் செய்யத்தக்கது யாது? காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது, தூரமே காப்பு. கம்பியிலிருந்து விலக விலக அது விரைந்து குன்றும். எனவே புதுவீடு கட்டுவோர் கம்பிப் பாதையை விட்டு விலகிக் கட்டுதல் விவேகம். முன்னமே குடியிருப்போர் அளந்து பார்க்காது கலங்கி வீட்டை விற்க வேண்டியதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து வேறொன்றுண்டு. தைப்பொங்கற் காலத்தில் நாம் ஏற்றும் பட்டத்தின் ஈரநூல் கம்பியிற் பட்டால் உயிர் போகும். கம்பியைத் தொடாமலே, கிட்ட நீட்டிய இரும்புக் கொக்கத்தடியிலும் மின்சாரம் பாயும். வருமோ வராதோ என்ற நோய்க்கு அஞ்சி, கண்முன் நிற்கும் யமனை நாம் மறக்கலாகாது.

பட்டக் காலம் பிறக்குமுன் சங்கத்து வாலிபராகிய நாம் இதனை வீடுதோறும் எடுத்துரைப்போமாக.