விமானம் நம்மளுது, எஞ்சின் யாரோடது?

இன்னைக்கு ஒரு எஞ்சினைப் பத்திப் பேசப் போறேன். டெக்னிக்கல் எபிசோடுன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. நம்ம நாட்டுப் பாதுகாப்புல இப்போ இருக்கிற பெரிய கேள்வி ஒன்னு இந்த எஞ்சினுக்குள்ளதான் மாட்டிக்கிட்டு இருக்கு.

2025 செப்டம்பர் 26 அன்னைக்கு, சண்டிகர்ல மிக்-21 போர் விமானங்களுக்கு விமானப்படை விடை கொடுத்துச்சு. 1963ல வந்த விமானம், 62 வருஷ சர்வீஸ். அது போனதோட நம்ம ஃபைட்டர் ஸ்குவாட்ரன்கள் 29 ஆகக் குறைஞ்சது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை 42. சீனா, பாகிஸ்தான்னு ரெண்டு எல்லையையும் பார்த்துக்க வேண்டிய ஒரு படைக்கு இது சின்ன இடைவெளி இல்லை.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியது தேஜஸ் மார்க்-1ஏ. 2021 பிப்ரவரியில 83 விமானங்களுக்கு எச்.ஏ.எல். நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டாங்க. சுமார் 48,000 கோடி ரூபாய். 2024 தொடக்கத்துல முதல் விமானம் வந்திருக்கணும். மிக்-21 ஓய்வு பெற்ற அன்னைக்கு வரைக்கும் ஒன்னுகூட விமானப்படை கைக்கு வரலை.

தாமதத்துக்குக் காரணம் ஒன்னு மட்டும் இல்லை. சோதனைகளும் இழுத்துச்சு. ஆனா பெரிய முட்டுக்கட்டை எஞ்சின். அமெரிக்காவோட ஜி.இ. நிறுவனத்துகிட்ட 2021லயே 99 எஃப்-404 எஞ்சின் ஆர்டர் பண்ணியாச்சு. முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சுல. இதுல சதி ஒன்னும் இல்லை. வேற ஆர்டர் இல்லாததால அந்த ரகத்தைத் தயாரிக்கிற லைன் நின்னு போயிருந்தது. திரும்ப ஓட்ட நாளாச்சு. அவ்வளவுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க: எங்கேயோ ஒரு தொழிற்சாலை மெதுவா ஓடினா, நம்ம வான் பாதுகாப்பும் மெதுவாகுது. இது நட்பு நல்லா இருக்கும்போது நடந்தது. உறவு கசந்தா? அதையும் பார்த்திருக்கோம். 1998ல போக்ரான் அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் அமெரிக்கா தடை போட்டதுல அடி வாங்கின திட்டங்கள்ல தேஜஸும் ஒன்னு.

‘நாமே செய்யலாமே’ன்னு கேப்பீங்க. முயற்சி பண்ணினோம். 1989ல பெங்களூரு ஜி.டி.ஆர்.இ. ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு எஞ்சின் திட்டம் ஆரம்பிச்சது. பேரு காவேரி. ஆமா, நம்ம ஆத்தோட பேருதான். சுமார் 2,000 கோடி செலவாச்சு. எடை கூடிப் போச்சு, உந்துவிசை பத்தலை. 2008ல தேஜஸ் திட்டத்துல இருந்து அதைப் பிரிச்சுட்டாங்க.

ஏன் இவ்வளவு கஷ்டம்? எஞ்சினுக்குள்ள இருக்கிற டர்பைன் பிளேடை எடுத்துக்கோங்க. அதைச் செஞ்ச உலோகமே உருகிப் போற அளவு சூடான வாயுவுக்கு நடுவுல, நிமிஷத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல சுத்தணும். சாதாரண உலோகம் சின்னச் சின்னப் படிகங்கள் ஒட்டினது. சூடு ஏறினா அந்த ஒட்டு இருக்கிற இடம்தான் முதல்ல விட்டுக்கொடுக்கும். அதனால பிளேடு முழுசையும் ஒரே படிகமா வார்க்கணும், உள்ளே காத்துப் போக நுணுக்கமான வழிகளும் வைக்கணும். இதை நல்லா செய்யத் தெரிஞ்ச நாடுகளை விரல் விட்டு எண்ணிடலாம். சீனாவே பல வருஷம் ரஷ்ய எஞ்சின் வாங்கித்தான் விமானம் ஓட்டுச்சு. தன்னோட டபிள்யூ.எஸ்.-10 எஞ்சின்ல பல தடவை சறுக்கினாங்க, ஆனா விடலை.

நாம எங்கே பின்தங்கினோம்? நம்ம விஞ்ஞானிகளுக்குத் திறமை இல்லைன்னு நான் நம்பலை. காவேரியை வானத்துல சோதிக்க 2010ல ரஷ்யாவுக்கு எடுத்துட்டுப் போக வேண்டியிருந்தது. அதுக்கான சோதனை விமானம் நம்மகிட்ட இல்லை. பரீட்சை எழுதவே அடுத்த ஊருக்குப் போகணும்னா, எத்தனை தடவை எழுத முடியும்? எஞ்சின்ங்கிறது உடைச்சு உடைச்சுக் கத்துக்கிற விஷயம்.

இப்போ அடுத்த தலைமுறை ஆம்கா விமானத்துக்காக பிரான்ஸோட சஃப்ரான் நிறுவனத்தோட சேர்ந்து இந்தியாவுல எஞ்சின் செய்யற திட்டம் நகருது. நல்ல விஷயம். ‘முழுத் தொழில்நுட்பமும் நமக்குக் கிடைக்கும்’னு செய்தி வரும்போது நீங்க ஒரு கேள்வி கேளுங்க. கிடைக்கிறது சமையல் குறிப்பா, கைப்பக்குவமா? குறிப்பை வெச்சு அதே குழம்பைத் திரும்ப வைக்கலாம். உப்பு ஏன் அந்த நேரத்துல போடறோம்னு தெரிஞ்சவங்கதான் புதுக் குழம்பு வைப்பாங்க. அந்தப் பக்குவத்தை யாரும் விக்க மாட்டாங்க. சோதனைக் கூடம், உலோக ஆராய்ச்சி, தோத்தாலும் நிறுத்தாத நிதி — இதெல்லாம் போட்டு நாமேதான் சம்பாதிக்கணும்.

விமானம் வாங்கினா போட்டோ எடுக்கலாம். சோதனைக் கூடம் கட்டினா யாரும் கை தட்ட மாட்டாங்க. பட்ஜெட் வரும்போது எத்தனை விமானம்னு மட்டும் பார்க்காம, ஆராய்ச்சிக்கு எவ்வளவுன்னும் பாருங்க. அந்த வரியிலதான் இன்னும் இருபது வருஷம் கழிச்சு நம்ம பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும்ங்கிறது இருக்கு.

உங்க கருத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.